மணை போட்டு உட்காருங்கள்: வேலைக்குப் போகும் பெண் தனக்கும் சாமிக்கும் நேரம் ஒதுக்க ஒரு வழிகாட்டி

போன ஆடி, மூன்றாவது வெள்ளிக்கிழமை. சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற அம்மா "நகருங்க கண்ணு" என்று தோளைத் தட்டியபோதுதான் முழிப்பு வந்தது. தீபாராதனை முடிந்திருந்தது. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, டவுன் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.

அன்று காலை மூன்று மணிக்கே எழுந்திருந்தேன். வீடு கழுவி, பூஜைச் சாமானைப் புளி போட்டுத் தேய்த்து, மாவிளக்குக்கு மாவு இடித்து, கூழ் காய்ச்சி, நடுவில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டி. பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு மணி நேரம் சாமி காரியத்துக்கே போயிருந்தது. சாமியோடு இருந்த நேரம் என்று பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை.

நான் குடியிருப்பது பொன்னம்மாபேட்டையில். செவ்வாய்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வீடு. ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர், அத்தை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வருடமாக நான் செய்து பார்த்து, சிலது சொதப்பி, சிலது நின்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவள், அதனால் உதாரணங்கள் அப்படித்தான் வரும். மற்ற வழியில் வணங்கும் அக்காக்களிடம் கற்றதையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் படி: மூன்று நாள் கணக்கு

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் மாற்ற முடியாது. இதற்கு நோட்டு வாங்க வேண்டாம். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? அதை மடித்து, ஒரு பேனாவோடு சமையல்கட்டு ஜன்னலில் வையுங்கள். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது மணியை மட்டும் குறியுங்கள். வீட்டுக்கு 'வீ', வேலைக்கு 'வே', எனக்கு 'எ'. ராகு காலம், எமகண்டம் போட்ட தாளின் முதுகில் நம் காலம் வந்துவிடும்.

மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிறு ஓய்வு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், தாள் வேறு கதை சொல்லும்.

என் முதல் நாள் தாளில் 'எ' ஒரே ஒரு இடத்தில் இருந்தது. குளியல், 12 நிமிடம். அதிலும் மகன் இரண்டு தரம் கதவைத் தட்டினான்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு. வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அந்த எண்ணைக் கணவரிடம் காட்டிச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. நான் பிடித்தேன், பலன் இல்லை. நம் வீட்டுத் தாளைக் காட்டியபோதுதான் அவர் வாயை மூடிக்கொண்டு படித்தார்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பாருங்கள். போனில் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தோம் என்று இருக்கும். எனக்கு ராத்திரி பத்தரைக்கு மேல் 50 நிமிடம் காட்டியது. அது ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தது என்ன என்று கேட்டால், யாரோ செய்த பன்னீர் மசாலா.

இரண்டாம் படி: ஒன்றை விடுங்கள்

பெரும்பாலான ஆலோசனைகள் இங்கேதான் நம்மைக் கவிழ்க்கின்றன. காலை ஐந்துக்கு எழு, தியானம் செய், யோகா செய், டைரி எழுது என்று, ஏற்கெனவே நிரம்பி வழிகிற குடத்தில் இன்னொரு சொம்பை ஊற்றச் சொல்கிறார்கள். என் வழக்கம் இப்போது இதுதான்: ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் ஒன்று வெளியே போக வேண்டும். தூக்கத்திலிருந்து மட்டும் கடன் வாங்கக் கூடாது.

நான் விட்டது இரவு மூன்று விதமாகச் சமைப்பதை. பிள்ளைகளுக்குத் தோசை, அவருக்குச் சப்பாத்தி, அத்தைக்கு உப்புமா என்று ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறும் புதனும் மாவு ஆட்டுகிறோம், வார நாளில் இரவு எல்லோருக்கும் இட்லி அல்லது தோசை, ஒரே சட்னி. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. அதற்கப்புறம் சட்னியில் உப்பு சரியா என்பதோடு விவாதம் முடிந்தது. இதில் எனக்கு 25 நிமிடம் கிடைத்தது.

நீங்கள் விட வேண்டியது வேறாக இருக்கலாம். தினமும் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணுவதை ஞாயிறு ஒரே மூச்சில் முடிக்கலாம். ஒன்பதாவது படிக்கிற பெண்ணின் டிபன் பாக்ஸை அவளே கழுவலாம். அவளை விட, நாலாவது படிக்கும் பையன் கழுவப் பழகுவது ரொம்ப முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் படி: சாமி வேலை வேறு, சாமி கும்பிடுவது வேறு

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் முக்கியமானது இதுதான். விளக்கு தேய்ப்பது, பூ கட்டுவது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பிரசாதம் செய்வது, பன்னிரண்டு பேருக்கு இலை போடுவது. இதெல்லாம் பக்தியில் சேர்ந்தவைதான். கை செய்யும், மனசு அடுத்த அடுப்பில் இருக்கும். பண்டிகை என்றால் வீட்டில் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள், நாம் அவர்கள் சாமி கும்பிட ஏற்பாடு செய்வோம்.

முதல் படியில் தாளில் 'வீ' என்று போட்டிருக்கிறீர்களே, அதில் சாமி வேலையை மட்டும் ஒரு வட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றேகால் மணி நேரம் வந்தது. பிறகு அதை மூன்றாகப் பிரித்தேன்.

பித்தளைச் சாமான் தேய்ப்பது வியாழன் இரவுக்குப் போனது, அதுவும் கணவர் கைக்கு. அவர் அழுத்தித் தேய்ப்பார், எனக்கு அந்தப் பளபளப்பு வராது. பூ கட்டுவது அத்தைக்கு. அவருக்கு அது பிடித்த வேலை, டிவி பார்த்துக்கொண்டே நாலு முழம் கட்டிவிடுவார். எனக்கென்று வைத்துக்கொண்டது விளக்கு ஏற்றுவது மட்டும்.

பிரசாதத்தில் கை வைக்கத்தான் பயந்தேன். வாரா வாரம் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம், இரண்டு வாழைப்பழமும் கற்கண்டும் போதும் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "எங்க மாமியா வெறும் வெல்லக்கட்டிதான் வப்பாங்க. பொங்கல் உன் புருஷனுக்காக நான் ஆரம்பிச்சது" என்றார். பதினாறு வருடமாகச் சாமி கேட்கிறது என்று நினைத்துக் கிண்டியிருக்கிறேன்.

நான்காம் படி: ஒரு மணை, ஒரு மணி

பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம். அவர் தொழுகை விரிப்பைத் தரையில் விரித்துவிட்டால் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். குறுக்கே நடக்கக்கூட மாட்டார்கள். மூன்று வயதுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் குனிந்து நிமிர்வான், ஆனால் "தண்ணி குடு" என்று கேட்க மாட்டான். ஐந்து வேளைக்கும் அப்படி. வருடக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறேன், பொறாமைப்பட்டிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை. அந்த விரிப்பு மற்றவர்களுக்கும் ஒரு அடையாளம்.

பரணில் என் கல்யாணத்து மணை ஒன்று கிடந்தது. ஓரத்தில் பூச்சி அரித்த பலா மணை. துடைத்து எடுத்துச் சாமி அலமாரிக்கு எதிரே போட்டேன். சாமி அறை தனியாக இல்லாத வீட்டில் ஒரு மூலை போதும், ஒரு பாய்த் துண்டுகூடப் போதும். ஆனால் எப்போதும் அதே பொருள், அதே இடம். கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினால் 'அம்மா சும்மாதான் இருக்கிறாள்' என்று எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அடுத்து, கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "எனக்குன்னு கொஞ்சம் நேரம் வேணும்" என்றால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. "உனக்கு என்ன குறை?" என்றுதான் திரும்பி வரும். மணியைச் சொல்லிக் கேளுங்கள்.

"அத்தை, காலையில ஆறேகால்லேர்ந்து ஆறரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. பால் பொங்கினாலும் கூப்பிடாதீங்க."

"பொங்குற பாலை நான் அணைக்க மாட்டேனா? நீ உட்காரு கண்ணு."

இவ்வளவுதான் நடந்தது. இதைக் கேட்பதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லா வீட்டிலும் இவ்வளவு லேசாக நடக்காது என்பது தெரியும். மறுத்தால், பிள்ளைகள் எழுவதற்கு முந்தின பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் விடாமல் செய்தால் அது வீட்டு வழக்கமாகிவிடும், வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கால் மணி நேரத்தில் என்ன செய்வது? முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். மூச்சு சீராகும் வரை உட்காருங்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்கும், கேட்கட்டும். அப்புறம் ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு. மார்கழியில் திருப்பாவையின் 30 பாசுரத்தை நாளுக்கு ஒன்றாகத்தானே முக்கியமாக வைத்துப் பாடுகிறோம்? அந்த அளவு மற்ற மாதத்துக்கும் போதும். நீளமான கவசத்தை வேகவேகமாக முடிப்பதைவிட நாலு வரியை நின்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைசி ஐந்து நிமிடம் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் புகார்தான்.

கடையில் என்னோடு வேலை செய்யும் தோழி சூரமங்கலத்திலிருந்து வருகிறாள், கத்தோலிக்கர். அவளுக்கு வீட்டில் கால் மணி கிடைப்பதில்லை. ஜெபமாலையில் ஐந்து பத்து மணிகள் உண்டு அல்லவா? காலை பஸ்ஸில் இரண்டு பத்து, மாலை பஸ்ஸில் இரண்டு, படுக்கும் முன் ஒன்று என்று பிரித்துக்கொண்டாள். மணிகள் ஹேண்ட்பேக்குக்குள்ளேயே உருளும், விரல் மட்டும் உள்ளே இருக்கும். சீட் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்த கையில் விரல் விட்டு எண்ணுகிறாள்.

மாதத்தில் அந்த மூன்று நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அப்போது விளக்கு ஏற்றும் வழக்கம் இல்லை. அதைப் பற்றி எனக்கும் என் மகளுக்கும் வெவ்வேறு கருத்து, அவள் கருத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நானும் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஆறேகாலை விட்டுக்கொடுப்பதில்லை. மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போட்டு, வடக்கே சேர்வராயன் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். மழை பெய்து ஓய்ந்த காலையில் மலை கை எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.

ஐந்தாம் படி: உடம்பு

வரிசையில் நின்று தூங்கினேன் என்றேன் அல்லவா? வேண்டுதலில் ஏதோ குறை என்று அத்தை நினைத்தார். ரத்தத்தில்தான் குறை. பரிசோதித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். சோம்பல், எரிச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது என்று நாம் நம்மையே திட்டிக்கொள்ளும் பல விஷயங்களுக்கு இது காரணமாக இருக்கலாம். ஆகவே தியானம் பழகுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. அதோடு சர்க்கரை, பிரஷர், தைராய்டும் பார்த்துவிடுங்கள். 30 வயதைத் தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதைக் காபி, டீயோடு சேர்க்காதீர்கள். சத்து உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போலப் புளிப்பானது கூட இருந்தால் நன்றாக ஏறும். முருங்கைக்கீரை சமைக்கிற நாளில் சாப்பிட்டு முடித்ததும் காபி குடிக்கும் பழக்கத்தை நான் விட்டது இதனால்தான். மனசில்லாமல் விட்டேன்.

அப்புறம் தோசை. சுடுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள், அதற்குள் சட்னி வழித்துப் போயிருக்கும், கடைசித் தோசை கல்லில் மாவை வழித்து ஊற்றிய பிய்ந்த தோசையாக இருக்கும். நின்றுகொண்டே தின்று முடித்துவிடுவோம். வாரத்தில் ஒரு நாள் முதல் தோசையை நீங்கள் சாப்பிடுங்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து, சூடாக. ஓரம் முறுகலாக, நடுவில் எண்ணெய் மின்னிக்கொண்டிருக்கும்போதே. எங்கள் வீட்டில் செவ்வாய் இரவு கணவர் கல்லுக்கு முன்னால் நிற்பார். அவர் சுடும் தோசை ஆந்திரா வரைபடம் போல இருக்கும், ருசியில் குறை சொல்ல முடியாது.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. தனியாக நடக்கப் போக முடியாதவர்கள் இதைத் துண்டு துண்டாக எடுக்கலாம். நான் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிடுகிறேன். கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு மூக்கனேரிக் கரை இருக்கிறது, காலையில் பறவைச் சத்தம் இலவசம்.

தூக்கம் ஏழு மணி நேரம். அந்த 50 நிமிட போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டதும் இது பாதி சரியாகிவிட்டது.

மனசு விஷயத்தில் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, பயம், தூக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தொடர்ந்தால் மணையில் உட்கார்ந்தால் மட்டும் சரியாகாது. குலதெய்வத்திடம் முறையிடுங்கள், டாக்டரிடமும் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது.

ஆறாம் படி: வாரத்தில் ஒரு சாயங்காலம்

"கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் எந்த வீடும் மறுக்காது. "சும்மா வெளியே போயிட்டு வர்றேன்" என்றால் நூறு கேள்வி. நம் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிவன் கோயிலில் கும்பிட்டவுடன் கிளம்பக் கூடாது, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்களே, அதைப் போலப் பெண்ணுக்கு உதவிய சாஸ்திரம் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றும்.

திங்கட்கிழமை கடையிலிருந்து நேராகச் சுகவனேஸ்வரர் கோயிலுக்குப் போகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சுவாமியையும் சுவர்ணாம்பிகையையும் பார்த்துவிட்டுப் பிரகாரத்தில் உட்காருவேன், அரை மணி. சுக முனிவர் கிளி வடிவில் வழிபட்ட தலம் என்பது கதை. நான் கிளி மாதிரி எதையும் திருப்பிச் சொல்வதில்லை, சும்மா இருக்கிறேன். யாரும் "அம்மா" என்று கூப்பிடாத முப்பது நிமிடம். திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட். அதை வீட்டுக்குப் பார்சல் வாங்குவதில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்னும் லேசாகக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காசு ஒரு தடையாக இருந்தால்: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை.

ஏழாம் படி: வருடத்தில் இரண்டு மூன்று அரை நாள்

ஏற்காடு நமக்கு 30 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் ரூம் போட்டுத் தங்கிப் பார்க்கிறார்கள், நாம் விருந்தாளி வந்தால்தான் போகிறோம். என் முதல் முயற்சியில் குடும்பம் முழுக்கக் கிளம்பியது. விடியற்காலை எழுந்து எட்டுப் பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினேன். 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதிலேயே எனக்கு வயிறு பிரட்டிவிட்டது. மேலே போய் எல்லோரும் படகுத்துறைக்குப் போக, நான் சாப்பாட்டுப் பையைக் காவல் காத்தேன்.

இரண்டாவது தரம் தோழியும் நானும் மட்டும். வார நாளில் லீவு போட்டோம். ஞாயிறும் மே மாதமும் வேண்டவே வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் மலை தெரியாது. பஸ்ஸில் முன் பக்கம் உட்கார்ந்தோம், வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் இல்லை, கையில் எலுமிச்சம்பழம், போனைப் பார்க்கவில்லை. சமைத்து எதுவும் எடுத்துப் போகவில்லை. ஒரு சால்வை மட்டும்.

ஏற்காடு ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேலே சேர்வராயன் கோயில். ஆட்டோவுக்குக் காத்திருப்பும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மலைமேல் பரந்த புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். காற்றின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பாதிதான் காதில் விழும். தோழி ஒரு பாறையில் உட்கார்ந்து ஜெபமாலையை முழுதாகச் சொன்னாள், ஐந்து பத்தும் ஒரே இடத்தில். நான் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டேன். இந்தத் தரம் யாரும் தோளைத் தட்டவில்லை.

எட்டாம் படி: அறுந்து போகும்போது

அறுந்துதான் போகும். முழுப் பரீட்சை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், கடையில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆடி மாதம் கேட்கவே வேண்டாம், பூச்சாட்டியதிலிருந்து வண்டி வேடிக்கை வரை ஊரே வேறு ஓட்டத்தில் இருக்கும். அப்போது கால் மணியைப் பிடித்துத் தொங்காதீர்கள். விபூதி பூசும் நேரம் போதும். நெற்றியில் விரல் வைத்து மூன்று மூச்சு. மாத்திரையை மட்டும் விடக் கூடாது.

விட்ட நாட்களைச் சேர்த்து ஈடு கட்டப் பார்க்காதீர்கள். பத்து நாள் விட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், முட்டி வலித்ததுதான் மிச்சம். கல்யாணம் முடிந்து விருந்தாளி கிளம்பிய மறுநாள், காலண்டர் தாளைக் கிழித்ததும் மணையை எடுத்துப் போடுங்கள். அதன்மேல் யாராவது துணிமூட்டை வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காருங்கள், மடிப்பதை ஆறரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.